தலைவரம்மாவின் மூக்குப்பொடி டப்பா

மைக் செட் வைத்திருக்கும் தம்பிகளுக்கு,

சங்கராபுரத்திலோ கள்ளக்குறிச்சியிலோ என்னைப் பார்க்கிற இடத்திலெல்லாம் உங்களில் யாராவது ஒருவர் இதே கேள்வியைக் கேட்டுவிடுகிறீர்கள். மலையிலிருந்து ஒரு பஞ்சாயத்துத் தலைவரம்மா வருகிறார், மேடைக்குக் கூப்பிட்டால் நேராக உங்களிடம் வந்து கைப்பையிலிருந்து ஒரு மூக்குப்பொடி டப்பாவை எடுத்து நீட்டுகிறார், மைக் வயரில் இதை மாட்டுங்கள் என்கிறார், யார் கொடுத்தது என்று கேட்டால் என் பெயரைச் சொல்கிறார். உள்ளே என்ன இருக்கிறது? இதுதான் கேள்வி. தாயத்து என்கிறார் ஒருவர். பேச்சைப் பதிவு செய்கிற மிஷின் என்கிறார் இன்னொருவர், அதையும் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். சின்னசேலத்தில் ஒரு புண்ணியவான், என் செட்டில் கண்டதையெல்லாம் மாட்ட முடியாது என்று திருப்பிக் கொடுத்தே விட்டாராம். அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வயதில் பெரியவன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருப்பது ஒரே ஒரு கண்டன்சர். மஞ்சள் நிறம், புளியங்கொட்டை அளவு. டப்பாவின் ஒரு பக்கம் மைக் ஜாக்கைச் சொருக ஒரு ஓட்டை, மறுபக்கம் கொஞ்சம் வயரும் ஆம்ப்ளிஃபயரில் சொருக ஒரு ஜாக்கும். பேட்டரி கிடையாது, கரண்டு கிடையாது, விளக்கு எரியாது. அதனால்தான் உங்களுக்கு அதன்மேல் மரியாதை வரவில்லை என்று நினைக்கிறேன். தகர டப்பா எதற்கு என்றால், பிளாஸ்டிக்கில் செய்தால் பக்கத்தில் போகிற கரண்டு வயரின் இரைச்சலையெல்லாம் இழுத்துக்கொள்ளும். எனக்கு மூக்குப்பொடி பழக்கம் இல்லை. டப்பா என் மாமனாருடையது.

அது செய்கிற வேலையும் ஒன்றே ஒன்றுதான். குரலில் இருக்கிற கனத்த ஒலி அதைக் கடக்கத் திணறும். மெல்லிய ஒலி தாராளமாகப் போய்விடும். மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்தால் அடிக்குரல் ஊதிப் பெருகும் என்பது உங்களுக்குத் தெரியும். மைக்கின் குணம் அது. அப்படிப் பெருகியதை இந்தக் கண்டன்சர் வழியிலேயே இறக்கிவிட்டு, வார்த்தையை மட்டும் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். என்ன அளவு போடுவது என்று போன் போட்டுக் கேட்காதீர்கள். பெரியதாகப் போட்டால் போட்டதே தெரியாது, ரொம்பச் சின்னதாகப் போட்டால் குரல் கொசு மாதிரி ஆகிவிடும். நடுவில் எங்கே நிற்பது என்பதைக் காதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அது சரி, உங்கள் மிக்ஸரிலேயே இதே வேலைக்கு ஒரு பட்டன் இருக்கிறதே, அதை அமுக்கிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்த மிக்ஸர்களில் எல்லாப் பட்டனும் தேய்ந்திருக்கும், அது ஒன்றின் மேல் மட்டும் தூசி இருக்கும்.

உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. குழாய் ஸ்பீக்கர் கட்டிய காலத்தில் நாங்கள் கனத்த சத்தத்துக்காகப் பேஸ் பேஸ் என்று அலைந்தோம், கிடைக்கவில்லை. பெட்டி ஸ்பீக்கர் வந்தது, கிடைத்துவிட்டது. இப்போது கல்யாண மண்டபத்தில் தாம்பூலத்தட்டு நடுங்குகிறது, சுண்ணாம்பு உதிர்கிறது, மாப்பிள்ளை பெயர் மட்டும் யாருக்கும் தெரிவதில்லை. நெஞ்சு அதிர்ந்தால்தான் நல்ல செட் என்று வாடகைக்கு எடுப்பவர் சொல்கிறார். நாம் எதைக் கூட்டினாலும் காசு கொடுப்பார்கள். குறைத்ததற்குக் காசு கேட்டால் சிரிப்பார்கள். அந்த டப்பாவைச் செய்த நாளிலிருந்து அதற்கென்று யாரும் எனக்கு ஒரு டீ கூட வாங்கித் தந்ததில்லை.

முதல் தடவை அதை மாட்டியது சங்கராபுரத்தில், ஒரு தெருமுனைக் கூட்டத்தில். பேச வந்தவர் வெளியூர்ப் பேச்சாளர், நல்ல பெயர் உள்ளவர். மைக்கைக் கவ்விக்கொண்டு பேசுவார். ஜனங்களுக்குப் புரியட்டுமே என்று நல்லெண்ணத்தில் மாட்டினேன். வார்த்தை வார்த்தையாகப் புரிந்தது. அதுதான் வினையாகப் போனது. அரை மணி நேரமாக அவர் ஒரே விஷயத்தையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார் என்பது முதல் முறையாக எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவரோ தனக்குச் சளி பிடித்துவிட்டது என்று நினைத்து மேடையிலேயே மிளகுப்பால் கேட்டார். கூட்டம் முடிந்ததும் ஏற்பாட்டாளர் என்னிடம் வந்து, அண்ணனின் கம்பீரத்தைக் கெடுத்துவிட்டாய் என்றார். அதற்குப் பிறகு அவர்கள் என்னைக் கூப்பிடவே இல்லை. டப்பாவைக் கருவிப் பெட்டியின் அடியில் போட்டு மறந்துவிட்டேன்.

இனி மலைக்கு வருகிறேன்.

கச்சிராயபாளையத்தில் என் கடைக்கு, கல்வராயன் மலையில் ஒரு ஊராட்சியின் செயலர் வந்தார். நாளைக்குக் கிராம சபைக் கூட்டம் நடக்கிறது, கூடத்து மைக் கீழே விழுந்து விழுந்து செத்துப்போய்விட்டது, மைக்கும் வயரும் எடுத்துக்கொண்டு வந்தால் போதும், ஆம்ப்ளிஃபயரும் பெட்டியும் அங்கேயே இருக்கின்றன என்றார். சின்ன வேலை. காலை முதல் பஸ்ஸில் ஏறிப் போனேன்.

கூடத்துக்குள் நுழைந்ததும் எனக்குப் பக்கென்றது. சுவரில் ஒரு இரும்புக் கூண்டு. கூண்டுக்குள் ஆம்ப்ளிஃபயர். கூண்டுக்குப் பூட்டு. ஆம்ப்ளிஃபயரின் நெற்றியில் சிவப்புப் பெயிண்டில் 'நன்கொடை: கோவிந்தன்' என்று எழுதியிருந்தது. கம்பி இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தால் சத்தம், பேஸ், எக்கோ எல்லாக் குமிழும் கடைசி வரை திருப்பி வைக்கப்பட்டிருந்தன. யாரும் குறைத்துவிடக் கூடாது என்பதற்குத்தான் பூட்டு. மைக் ஜாக்கைச் சொருக மட்டும் கம்பியில் ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். நம் பக்கத்தில் நன்கொடை கொடுப்பவர்கள் மின்விசிறியின் இறக்கையில்கூடப் பெயர் எழுதுவார்கள், பார்த்திருக்கிறேன். குமிழுக்குப் பூட்டுப் போட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கோவிந்தன் யார் என்றால், தலைவரம்மாவின் வீட்டுக்காரர். அந்த ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கியது. ஜெயித்தது அலமேலு என்ற அந்த அம்மா. நாற்காலியும் பச்சை மையும் அவருக்கு, மற்றதெல்லாம் கோவிந்தனுக்கு. அவர் கெட்டவர் இல்லை, மலை மேல் முதல் பெட்டி ஸ்பீக்கரை இறக்கியவர், அவ்வளவுதான். என் மைக்கை வாங்கி உதட்டோடு ஒட்டவைத்து ஹலோ என்றார். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய சொந்தக் குரல் மெலிசு. மைக் இல்லாமல் என்னிடம் பேசியபோது கவனித்தேன். உதட்டில் மைக் பட்டால்தான் அவர் ஆளாகிறார் என்று அப்போதே மனசில் பட்டது. அம்மா வணக்கம் மட்டும் சொல்வார், மீதியை நான் பார்த்துக்கொள்வேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் வயரை விரித்துக்கொண்டிருந்தேன். ஓரமாக நின்றிருந்த ஒரு அம்மா பக்கத்தில் வந்தார். அவர்தான் தலைவர் என்பது எனக்குத் தெரியாது.

"அண்ணா, நானு பேசுனா இதுல கேக்குமா?"

கேட்காமல் என்ன என்றேன். ஜெயித்து வந்த முதல் கூட்டத்தில் பேசினாராம், ஒரு வார்த்தைகூட யாருக்கும் புரியவில்லை, பாதியில் பெட்டி ஊளையிட்டது, ஜனம் சிரித்துவிட்டது. உன் குரல் மைக்குக்கு ஒத்துவராது என்று வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். அதிலிருந்து அவர்தான் பேசுகிறார். இவர் கையெழுத்துப் போடுகிறார். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னார். பிறகு இன்றைக்கு ஏன் பேசியே ஆக வேண்டும் என்பதையும் சொன்னார்.

ஊராட்சிக்கு ஒரு ரோடு வந்திருக்கிறது. எந்தப் பக்கம் போடுவது என்று இன்றைக்குத் தீர்மானம். கோவிந்தன் வாசிக்கப்போகிற தீர்மானத்தில் அது மரவள்ளிக் கொல்லைகள் பக்கமாகப் போகிறது. அங்கே ஏற்கெனவே ஜீப் போகிற பாதை இருக்கிறது. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடியிருப்புக்குப் பாதையே கிடையாது. அலமேலு பிறந்த ஊர் அது. அவருடைய அண்ணிக்கு வலி கண்டபோது போர்வையில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஓடையைத் தாண்டி, ஜீப் நிற்கிற இடத்துக்கு வருவதற்குள் வழியிலேயே பிறந்துவிட்டது. குழந்தை தங்கவில்லை.

"வூட்ல சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேண்ணா. ஆபீசரு வராரு இல்ல, அவரு காதுல ஒரே ஒரு வாட்டி உழுந்தா போதும்."

நான் மைக் செட்டுக்காரன். ரோடு போடுகிறவன் இல்லை. ஆனாலும் அதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கூண்டுச் சாவியைக் கொடுத்தால் பேஸைக் குறைத்துத் தருகிறேன் என்று செயலரிடம் கேட்டேன். சாவி கோவிந்தன் அண்ணனிடம் இருக்கிறது என்றார். அண்ணனிடம் கேட்டேன். "நல்லாத்தான இருக்குது, எதுக்குக் கம்மி பண்ணணும்?" என்று கேட்டுவிட்டு டீ சொல்லப் போய்விட்டார். டப்பா என் ஞாபகத்துக்கே வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெருக்கடி வருகிற வரைக்கும் நமக்கு எதுதான் ஞாபகம் வருகிறது?

கூட்டம் கூடியது. ஆண்கள் உள்ளே, பெண்கள் வழக்கம்போல வெளியே பலாமரத்தடியில். ஒரு பெட்டி உள்ளே, ஒரு பெட்டி வாசலைப் பார்த்து. வட்டார அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தவர் அதற்குப் பிறகு தலை நிமிரவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. அந்தக் கூடத்தில் யார் எதைப் பேசினாலும் இடி மாதிரித்தான் கேட்கும். செயலர் வரவு செலவு வாசித்தார், இடி. கை தூக்கச் சொன்னார், தூக்கினார்கள். ஏகமனதாக நிறைவேறியது. அங்கே எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறி வந்ததன் ரகசியம் எனக்குப் புரிந்துவிட்டது. எதுவும் யாருக்கும் கேட்கவில்லை என்பதுதான் அது.

அலமேலு எழுந்து மைக்கை வாங்கினார். பயத்தில் அதை வாயோடு ஒட்டிக்கொண்டார். வணக்கம் என்றார். பொம் பொம் என்று ஏதோ கேட்டது. அடுத்த வாக்கியத்துக்குள் பெட்டி ஊ என்று ஊளையிட ஆரம்பித்தது. வெளியே பெண்கள் காதைப் பொத்தினார்கள். உள்ளே இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. கோவிந்தன் பொறுமையாகக் கையை நீட்டினார். பழக்கப்பட்ட கை அது.

தம்பிகளே, இந்த இடத்தில்தான் நமக்குச் சம்பளம். நான் எழுந்து, ஜாக்கு லூசாக இருக்கிறது, இதோ ஆச்சு என்று சத்தம் போட்டேன். அவர் கை மைக்குக்குப் போவதற்குள் நான் வாங்கிக்கொண்டேன். கருவிப் பெட்டியைக் கவிழ்த்தேன். சோல்டர் கம்பி, பழைய ஃபியூஸ், இடுக்கி, அதற்கடியில் மாமனாரின் டப்பா. கூண்டின் ஓட்டையில் டப்பாவின் ஜாக்கைச் சொருகி, டப்பாவில் மைக்கைச் சொருகினேன். ஊளை நின்றது. சரி, மைக்கை இப்போது யாரிடம் கொடுப்பது? இரண்டு பேரும் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். யார் பேசிக்கொண்டிருந்தபோது வாங்கினேனோ அவரிடம்தானே திருப்பிக் கொடுக்க வேண்டும்? அலமேலுவிடம் கொடுத்தேன். அன்றைக்கு நான் செய்த பெரிய வேலை அதுதான். கண்டன்சர் இரண்டாவது.

அவர் மறுபடியும் மைக்கை வாயோடுதான் ஒட்டிக்கொண்டார். பரவாயில்லை, அதற்குத்தானே டப்பா. "ஓடைக்கு அந்தாண்ட இருக்குற எங்க ஊருக்கு" என்று தொடங்கினார். அவ்வளவும் கேட்டது. குரல் பெரிதாக இல்லை, இனிமையாகவும் இல்லை, ஆனால் வார்த்தைக்கு வார்த்தை கேட்டது. பலாமரத்தடியில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். அண்ணியைத் தூக்கிக்கொண்டு வந்ததைச் சொன்னார். யார் யார் தூக்கினார்கள் என்று பெயர் சொல்லிச் சொன்னார். அந்த ஆட்களில் மூன்று பேர் கூடத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். "புள்ள அழுதிச்சி சார். நாங்க எல்லாம் கேட்டோம். ஜீப்புக்கு வரதுக்குள்ள நின்னுபோச்சி." அதிகாரி போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். நான் வயரைச் சரிசெய்வது மாதிரி குனிந்துகொண்டேன்.

கோவிந்தன் இப்போது மைக்கை வாங்கினார். தீர்மானத் தாளை விரித்து, உதட்டில் மைக்கை ஒட்டி, தொண்டையைக் கனைத்துத் தொடங்கினார். வந்தது அவருடைய சொந்தக் குரல். மெலிசாக, அப்படியே. திடுக்கிட்டு நிறுத்தினார். மைக்கை ஒரு தட்டுத் தட்டினார். இன்னும் ஒட்டிப் பிடித்தார். வெளியே ஒரு பெண் சிரித்தாள்.

"இன்னாய்யா பண்ண நீ?" என்று என்னைப் பார்த்தார்.

"அம்மா பேசுன அதே மைக்குதாங்க. சத்தம் போதலைன்னா கூண்ட தொறங்க, கூட்டித் தரேன்."

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துச் சபையின் முன்னால் கூண்டைத் திறந்தார். இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம். எல்லாக் குமிழும் ஏற்கெனவே கடைசியில் இருந்தன. திருப்புவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் பூட்டிவிட்டார். எதற்குப் பூட்டினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

டப்பாவை அந்த நேரத்தில் கழற்றிக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கொடுத்திருந்தால் மறுபடியும் இடி. அந்த அம்மா பேசியது அதில் அமுங்கிப்போயிருக்கும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். அம்மாவுக்கு ஒரு மைக், அய்யாவுக்கு ஒரு மைக் என்று நான் கை வைத்தால் நான் மைக் செட்டுக்காரன் இல்லை, கட்சிக்காரன். மாட்டியாயிற்று, யார் பேசினாலும் அதில்தான் பேச வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்திருப்பதும் நம் தொழிலில் ஒரு வேலைதான், ரொம்பப் பேருக்கு வராது.

அவர் தீர்மானத்தை வாசித்தார். கனத்தையெல்லாம் டப்பா பிடித்துக்கொண்டது, வார்த்தை மட்டும் வெளியே வந்தது. ரோடு எங்கே ஆரம்பித்து யார் யார் கொல்லை வழியாகப் போய் எங்கே முடிகிறது என்பது அந்த ஊர் சரித்திரத்தில் முதல் தடவையாக எல்லோர் காதிலும் விழுந்தது. ஒரு பெரியவர் எழுந்து, "அது ஒன் கொல்லதானேப்பா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். கோவிந்தன் பதில் சொல்ல வாயெடுத்தார், அதுவும் தெளிவாகக் கேட்கும் என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும், மைக்கைக் கீழே வைத்துவிட்டார். வெளியே இருந்த பெண்கள் வாசலில் வந்து நின்றுகொண்டார்கள். கை தூக்கச் சொன்னபோது யாரும் யாரையும் பார்க்காமல் தூக்கினார்கள். ரோடு ஓடைப் பக்கம் என்று தீர்மானமானது. ஏகமனதாக இல்லை. செயலருக்கு அப்படி எழுதிப் பழக்கமே இல்லாததால் அதிகாரியிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்.

கிளம்பும்போது டப்பாவை அந்த அம்மாவிடமே கொடுத்தேன். எப்படி மாட்டுவது என்று காட்டினேன். கோவிந்தன் எனக்குக் கூலி கொடுத்துவிட்டு, மைக் சுமார்தான் என்றார். அந்த ஊராட்சியிலிருந்து எனக்கு மறுபடி வேலை வரவில்லை. செயலர் ஒரு தடவை கடைத்தெருவில் பார்த்து, முன்பெல்லாம் கூட்டம் அரை மணியில் முடியும், இப்போது சாயந்திரம் ஆகிறது, எல்லாரும் கேள்வி கேட்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். அடுத்தடுத்த கூட்டங்களில் கோவிந்தன் பேசுவதற்கு முன், அந்த டப்பாவைக் கழற்று என்பாராம். அந்த அம்மா, "அதுலயே பேசு மாமா" என்பாராம். அவரும் இப்போது சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொண்டார் என்று கேள்வி.

ரோடு வந்தது. நல்ல ரோடுதான், நானே போய்ப் பார்த்தேன். ஓடை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. தீர்மானத்தில் ரோடு என்றுதான் இருந்தது, பாலம் என்று இல்லை. பாலம் வேறு துறை, வேறு திட்டம். வெயில் காலத்தில் ஆம்புலன்ஸ் ஓடைக்குள் இறங்கி ஏறிவிடும். மழைக் காலத்தில் இந்தக் கரையில் விளக்குப் போட்டுக்கொண்டு நிற்கும். அந்தக் கரையிலிருந்து தூளி வர வேண்டும். அந்த அம்மா டப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, கூட்டம் கூட்டமாக ஏறிப் பேசுவது இதற்குத்தான். நீங்கள் தாயத்து என்று சிரிப்பது இதைத்தான்.

போன வாரம் கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். டப்பா துருப்பிடித்திருந்தது. புதிதாக ஒன்று செய்து தரட்டுமா என்றேன்.

"வேணாண்ணா. பாலம் வரட்டும், இதையே ஒங்ககிட்ட திருப்பிக் குடுத்துடறேன்."

பிறகு சொன்னார். அவருடைய அண்ணிக்கு மறுபடியும் மாசம், இது ஒன்பது. மேலே மழை ஆரம்பித்துவிட்டது, ஓடையில் தண்ணீர் வந்துவிட்டது. பாலம் வருகிற வரைக்கும் மழை மாதங்களில் ஓடைக்கு அந்தக் கரையிலேயே ஒரு நர்சையும், இந்தக் கரையில் ஒரு வண்டியையும் நிறுத்தி வையுங்கள் என்று கேட்கப்போகிறார். வருகிற வெள்ளிக்கிழமை கள்ளக்குறிச்சியில் நடக்கும் விழாவுக்குப் பெரிய அதிகாரிகள் எல்லோரும் வருகிறார்கள். மலை ஊராட்சிகள் சார்பில் இவருக்குப் பேச நேரம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நிமிடம்.

அன்றைக்கு அங்கே யாருடைய செட் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களில் ஒருவருடையதுதான். அவர் டப்பாவை நீட்டினால், உள்ளே என்ன என்று கேட்காதீர்கள், அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். மாட்டுங்கள். மாட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அவருக்கு இருப்பது இரண்டு நிமிடம். அதில் பாதி, நீங்கள் ஜாக்கைத் தேடுவதில் போய்விடக் கூடாது.